சாப்பிட்ட பிறகு சொல்வது

அந்தக் கடையின் பெயரை இன்றைக்கும் எனக்கு வாசிக்கத் தெரியாது. பலகையில் எட்டோ ஒன்பதோ எழுத்து இருந்தது. அதில் பாதியைத்தான் வாயால் சொல்ல வேண்டுமாம், மிச்சப் பாதி சும்மா நிற்குமாம். முப்பத்தேழு வருடம் தபாற்காரனாக இருந்தவன் நான். கோழி கிளறிய எழுத்தில் வந்த விலாசங்களைக்கூட வாசித்து உரிய வாசலில் சேர்த்தவன். அந்தப் பெயரிடம் தோற்றுப்போனேன். புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவரும் வெள்ளை யன்னலுமாக இருந்த பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடை அது. என் மனைவியோடு ஒரேயொரு முறை அதற்குள் போனேன், ஒரு பகல் சாப்பாட்டுக்கு. இப்போது அவள் இல்லை. அவள் போன பிறகு ஒரு மாரியும் பெய்து முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் செட்டிபாளையம். மனைவிக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. அது இஞ்சிக்கும் ஓமத்தண்ணீருக்கும் அடங்காமல் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், கடைசியில் புற்று என்று பெயர் வாங்கியது. அதற்குப் பிறகு ஊரில் மருந்து சொல்லாத வாய் இல்லை. ஒருவர் அன்னமுன்னா இலையை அவித்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் மீனை விடச் சொன்னார். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவளிடம் மீனை விடு என்பதற்கு மூச்சை விடு என்று சொல்லியிருக்கலாம். இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னவர்கள்தான் அதிகம். தேற்றாத்தீவில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளும் அதையே சொன்னாள். "பொறகு இருந்து கவலப்படுறத விட இப்பவே கொண்டு போங்கப்பா" என்று அழுதாள். போனோம். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி, நகரத்துக்குள் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை, மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் எங்கள் தமிழ் பட்ட பாடு சொல்லி முடியாது. ஓட்டோக்காரரிடம் "இஞ்சால கிறுகுங்க" என்றால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். 'திரும்புங்க' என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு நினைவு வருவதற்குள் தெரு கடந்துபோயிருக்கும். எனக்கு எரிச்சல் வரும். தமிழ் பேசுகிற நாட்டில் தமிழுக்கே மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். மனைவி அப்படியில்லை. வீட்டுக்காரம்மாவின் தொலைக்காட்சிக்கு முன்னால் பின்னேரங்களில் உட்கார்ந்து இரண்டே வாரத்தில் பாதி பழகிக்கொண்டாள்.

ஆனால் வந்த முதல் வாரத்தில் ஒரு கூத்து நடந்தது. வீட்டுக்காரம்மா என்னை வாசலில் கண்டு, "உங்க சம்சாரம் ரொம்ப நல்லாப் பேசுறாங்க சார்" என்றார். படியில் நின்ற மனைவியின் காதில் அது விழுந்துவிட்டது. அறைக்குள் போனதும் முகம் கறுத்துப்போய்க் கேட்டாள்.

"நான் எப்ப அந்த மனிசியப் பேசின? தண்ணி வரல்ல எண்டு மெதுவாத்தானே கதைச்சன்!"

எங்கள் பக்கத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. உட்கார்ந்து உரையாடினால் அது கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. 'அம்மா பேசுவா' என்று ஒரு பிள்ளை சொன்னால், அம்மா திட்டப்போகிறாள் என்று பயந்து சொல்கிறது. நான் சிரித்து, பெரிய பண்டிதனாட்டம் கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, "இந்த நாட்டில பேசுறதெண்டா கதைக்கிறதுதான் புள்ள. அந்த மனிசி உன்னப் புகழுது" என்று விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்தியவன் நான்தான். அதை இங்கே மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

டொக்டர் நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் காரம். மனைவிக்குக் கொடுத்த குளிசைகளில் ஒன்று பெரியது. விழுங்கினால் குமட்டும். அவள் அதை விழுங்குவதாகக் காட்டிவிட்டு மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். விரிப்பு மாற்ற நான் மெத்தையைத் தூக்கியபோது பதினைந்து இருபது குளிசை உருண்டோடின. நானே போய் டொக்டரிடம் கோள் மூட்டினேன். அவர் அவளை முன்னால் நிறுத்திச் சின்னப் பிள்ளையைப் போல ஏசினார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பெரிய ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அங்கே விழுங்கிய பதிலையெல்லாம் வீட்டில் என்னிடம் சேர்த்துத் தருவாள்.

கடைசியாக டொக்டரைப் பார்க்கப் போனது ஒரு புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு ஏற்கெனவே பதிந்திருந்தோம். இன்னும் இருக்கச் சொன்னால் தேதியை மாற்றுவதாக நினைப்பு. போனதும் தாதி என்னிடம் ஒரு துண்டைத் தந்து, பின்கட்டடத்தில் புதிய ஸ்கேன் முடிவை வாங்கிவரச் சொன்னார். அங்கே பெரிய வரிசை. பழுப்பு நிற உறையோடு நான் திரும்பி வந்தபோது மனைவி வெளியில் நீட்டு வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளை முதலிலேயே கூப்பிட்டுப் பார்த்து அனுப்பிவிட்டார்களாம். "என்ன சொன்னார்?" என்று கேட்க வாயெடுப்பதற்குள் தாதி என்னை உள்ளே கூப்பிட்டார்.

டொக்டர் உறையைப் பிரித்து, பார்த்தும் பார்க்காமலும் மேசையில் வைத்தார். அதில் உள்ளதெல்லாம் அவருடைய கணினியில் நேற்றே வந்துவிட்டதாம்.

"இதுக்கு மேல மருந்து ஏத்துறது அவங்களுக்கு வேதனைதான் சார். ஈரல் முழுக்கப் பரவிடுச்சு. ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன். அவங்களுக்குப் பிடிச்சதச் சாப்பிடக் குடுங்க."

எவ்வளவு காலம் என்று கேட்டேன். நான் நாள் சொல்வதில்லை சார் என்று பேனாவை மூடினார். பிறகு, நான் எழும்புகிற நேரத்தில், "அம்மாகிட்டயும் நல்லாப் பேசிட்டேன். அவங்க ஒரு வார்த்தை சொல்லல" என்றார்.

என் காதில் விழுந்தது இதுதான்: குளிசை ஒளித்ததற்காக அவளை நன்றாக ஏசிவிட்டார், அவள் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. இந்தியப் படம் பார்த்து வளர்ந்தவன் நான். மனைவிக்கே பாடம் எடுத்தவன். ஆனாலும் அந்த நேரத்தில் ஊர்க்காதுதான் கேட்டது. 'கிட்ட' என்று அவர் சொன்ன சொல்லை என் காது வழியிலேயே விழுத்திவிட்டது. இன்று யோசித்தால், அப்படிக் கேட்கத்தான் எனக்கு விருப்பமாக இருந்திருக்கும். அவளுக்குத் தெரியாது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் அது நடக்காததுபோல இருக்கும். மனிதனுக்குக் கெட்ட காலம் வந்தால் புத்திக்கு முதலில் வந்துவிடுகிறது.

ஆண்கள் கழிப்பறையில் போய் முகத்தைக் கழுவினேன். லேஞ்சியால் துடைத்தேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பார்த்தேன். மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது. அந்தச் சிரிப்போடு வெளியே வந்தேன்.

"வீட்ட போகலாமாம் புள்ள. இனி ஊசி ஒண்டும் இல்லயாம். குளிசை மட்டும் போதுமாம்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தனை நேரம் அவள் என் முகத்தைப் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

"மெய்யாவா?"

"மெய்தான்."

ஓட்டோவில் ஏறியதும் எங்காவது நல்ல இடத்தில் சாப்பிடுவோமா என்று கேட்டேன். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தந்தி இருந்தது. தந்தி என்றால் பெரும்பாலும் சாவு. எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியைப் பசித்த வயிற்றிடம் சொல்லமாட்டோம். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எல்லாம் முடிந்து முழுகும்வரை ஒருவர் வாயிலும் ஒன்றும் இறங்காது. ஆகவே, கையில் அப்படியொரு தந்தி இருந்தால் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பேன். இல்லை என்றால் குந்தியிருந்து மழையைப் பற்றியும் வயல் வட்டையில் நெல் எப்படி என்றும் கதைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் சாப்பிட்டு எழும்பியபிறகுதான் பையைத் திறப்பேன். இது மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தால் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஊர் மட்டும் கொஞ்சக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. குருக்கள்மடத்தில் ஒரு மனிசியிடம் ஒரு நாள் யோசிக்காமல், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டேன். கையிலிருந்த உலக்கையைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்து அழத் தொடங்கிவிட்டாள். நான் கொண்டுபோனது கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய புகைப்படம். எனக்குப் பசித்ததால் கேட்டேன்.

மனைவிக்கு இதெல்லாம் தெரியும். கல்யாணமான புதிதிலேயே, "உங்கட வாயால என்ன மட்டும் சாப்பிட்டியா எண்டு கேட்டுராதீங்க" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டாள். நானும் கேட்டதில்லை.

ஆகவே எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதலில் அவள் வயிறு நிறையட்டும், பிறகு சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் ஊருக்குக் கொண்டுபோனால், வாசலில் காத்து நிற்கிற சனத்தின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று முடிவு செய்தேன்.

மஞ்சள் சுவர்க் கடைக்கு ஏன் போனோம் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்கு நடந்து போகிற வழியில் அது இருந்தது. ஒவ்வொரு முறையும் யன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "பட்டப்பகலில மெழுகுதிரி கொளுத்தி வெச்சு என்னதான் திங்கிறாங்களோ" என்பாள். அந்தக் கடற்கரை அவளுக்குப் பிடிக்கவேயில்லை. மணலுக்குப் பதிலாகக் கறுப்புக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள், கால் நனைக்க ஏலாத கடல் என்ன கடல் என்று சொல்வாள். கடையைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

உள்ளே குளிர்ந்தது. ஒரு மூலையில் வெள்ளைக்கார வயோதிபர் இருவர் ஒன்றும் கதைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற மூலையில் ஒரு குடும்பம் சாப்பாட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. நரைத்த மீசை வைத்த பரிமாறுகிறவர் வந்து கதிரையை இழுத்து விட்டார். மனைவி உட்காருவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள், பின்னால் இருந்து கதிரையைப் பறிக்கிறாரோ என்று நினைத்தாளாம். மேசைமேல் ஆளுக்கு இரண்டு கத்தி, இரண்டு முள்ளுக்கரண்டி.

"மாடு வெட்டவா?" என்று என் காதில் கேட்டாள்.

பட்டியலில் பிரெஞ்சுக்குக் கீழே சின்ன எழுத்தில் இங்கிலீசு இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, வெங்காய சூப் என்றும் மீன் என்றும் கண்டுபிடித்தேன்.

"சோறு இல்லியா?" என்று அவள் அவரிடமே கேட்டாள்.

"ரைஸ் இல்லம்மா. சூப்புக்கும் மீனுக்கும் பிரெட் தருவோம்."

"மீன் என்ன மீன்?"

"கொடுவா."

"ஆத்துக் கொடுவாவா, கடல் கொடுவாவா?"

எங்களுக்கு வாவியும் ஆறுதான். அவருக்கு அது எப்படித் தெரியும்? "கடல் மீன்தாம்மா, காலைல வந்தது" என்றார். அவள் போகட்டும் என்று தலையாட்டினாள்.

சூப் வந்தது. மேலே பாணை, அதுதான் அவர் சொன்ன பிரெட்டை, மிதக்கவிட்டு, அதன்மேல் சீஸை உருக்கி மூடியிருந்தார்கள். மூன்று மாதமாக அவள் சாப்பிட்டதை நான் கரண்டிக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன். கஞ்சியில் நாலு கரண்டி, இடியப்பத்தில் பாதி. அன்று மூடியை உடைத்து, ஊதி, ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். "வெங்காயத்த இப்பிடி வதக்கினா ஆணம் மாதிரித்தான் இருக்கு. உப்பு மட்டும் பிசகு" என்றாள். கோப்பை காலியானது. கூடையில் இருந்த பாணும் காலியானது. அவளே கையைத் தூக்கி அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னும் ரெண்டு துண்டு பாண் தாறீங்களா?"

அவர் குழம்பினார். "பானாம்மா? அது இங்க கிடையாது. சாப்பிட்டு முடிச்சதும் வெளிய பெட்டிக்கடையில வாங்கிக்கலாம்."

அவர் போன பிறகு என்னைப் பார்த்தாள். "சாப்பாட்டுக்குப் பொறகு ரோட்டில நிண்டு பாண் திங்கிற ஆக்களா இவங்க?"

அவர் சொன்னது வெற்றிலை மடித்துத் தரும் பான் என்று நான் சொன்னதும் சிரித்தாள். வயிற்றை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு வெறுப்பு வரும். உள்ளே அத்தனையையும் வைத்துக்கொண்டு, அவள் சாப்பிடுகிறாள் என்பதற்காக நான் மெய்யாகவே சந்தோசப்பட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். சோறே இல்லாத கடையில் உட்கார்ந்து நான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

மீனுக்குக் கத்தியும் முள்ளும் சரிவரவில்லை. எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து கையாலேயே சாப்பிட்டாள். வெண்ணெயும் எலுமிச்சம்புளியும் விட்டு வைத்திருந்தார்கள். "மீன் நல்ல மீன். இவங்கட கையில வந்து மாட்டிட்டு" என்றாள். ஆனாலும் முள்ளில் ஒட்டியதைக்கூட விடவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த பாதியையும் எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை தொடங்கினாள். மகள் வீட்டுக் கூரைக்கு மாரிக்கு முதல் ஓடு மாற்ற வேண்டும். பின்வளவுக் கிணற்றைப் போனவுடன் இறைக்க வேண்டும்.

"வைகாசியில அம்மன்ட சடங்குக்கு நானும் நெல்லுக் குத்தப் போகணும். போன வருசம் விட்டுப்போச்சு. இந்த வருசம் கை கொஞ்சம் தெம்பாகிரும், என்ன?"

"ஓம்" என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்குத்தானே?"

"இருக்கு."

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தபடியால் அந்தக் கேள்விகள் என்னை அறுத்தன. தண்ணீரைக் குடித்துக் குடித்து ஓம் சொன்னேன். அவள் ஒவ்வொரு ஓமுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். ஊர் நினைப்பில் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கரமல் புடிங் வந்தது. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து, "காத்தான்குடி வட்டிலப்பத்துக்குக் கிட்ட நிக்கமாட்டுது" என்றாள். அதையும் வழித்து முடித்தாள். கரண்டியைக் கீழே வைத்து, துணியால் வாயைத் துடைத்து, கதிரையில் சாய்ந்தாள். முகத்தில் ஒரு நிறம் வந்திருந்தது. இதுதான் நேரம் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், முப்பத்தேழு வருடப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டது.

"வயிறு நிறைஞ்சுதா புள்ள?"

அவள் கை துணியோடு நின்றுவிட்டது.

"என்னத்துக்கு இப்ப அதக் கேக்கிறீங்க?"

செய்த பிழை விளங்கியது. பயந்து, வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன்.

"ஒண்டுமில்ல. காலையில அந்த டொக்டர் உன்னப் பேசிப்போட்டாராம். அத மனசில வெச்சிருக்காத எண்டு சொல்லத்தான் வந்தன்."

"என்னப் பேசினாரா? ஆர் சொன்ன?"

"அவர்தான். அம்மாவ நல்லாப் பேசிட்டேன் எண்டார். அந்தக் குளிசைக்காகத்தானே?"

அவள் துணியை மேசையில் வைத்தாள்.

"அவர் என்னப் பேசல்லிங்க. பேசுறதெண்டா இஞ்ச கதைக்கிறதெண்டு நீங்கதானே சொல்லித் தந்த? கதைச்சார். இருக்கவெச்சு வடிவாக் கதைச்சார். ஈரலுக்குப் போயிட்டாம். இனி ஒண்டும் செய்ய ஏலாதாம். வீட்ட போய்ப் பிள்ளையோட இருங்கம்மா எண்டார்."

காலையிலிருந்து இவளுக்குத் தெரியும். நான் பின்கட்டடத்தில் வரிசையில் நின்ற நேரத்திலேயே தெரியும். ஓட்டோவில் தெரியும். பாணுக்குச் சிரித்தபோதும் தெரியும். நெல்லுக் குத்தப் போவதைக் கதைத்தபோதும் தெரியும். உலகத்தில் உள்ள மடத்தனத்தையெல்லாம் திரட்டி ஒரு கேள்வி கேட்டேன்.

"தெரிஞ்சுகொண்டா இவ்வளவும் சாப்பிட்ட?"

அவள் மேசைவிரிப்பைப் பார்த்தபடி சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவர் சொல்லக்குள்ள எனக்கு ஒண்டும் ஓடல்ல. வெளிய வந்து இருந்தன். மறுகா நீங்க அந்தப் பெரிய உறையோட உள்ளுக்குப் போனீங்க. வரக்குள்ள சிரிச்சுக்கொண்டு வந்தீங்க. இனி ஊசி இல்லயாம் எண்டீங்க. அந்தக் கடுதாசில வேற மாதிரி வந்திரிக்கும், அவர் முதல் சொன்னது பிழையாக்கும் எண்டு நினைச்சன். கேக்கப் பயமாயிருந்திச்சு. கேட்டாப் போயிரும் எண்டு கேக்காம இருந்தன். மறுகா இஞ்ச கூட்டி வந்தீங்க. நல்ல சேதி எண்டபடியாத்தான் இவ்வளவு பெரிய கடைக்குக் கூட்டி வாறார் எண்டு நினைச்சன். பசிச்சிது. மெய்யாப் பசிச்சிதுங்க."

பரிமாறுகிறவர் கோப்பைகளை எடுக்க வந்தார். அவர் போன பிறகு அவள் முன்னால் சாய்ந்து, சத்தத்தைக் குறைத்து, கேட்டாள்.

"அவர் உங்களுக்கு வேற ஒண்டும் சொல்லல்லியா?"

அந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். அந்த உறைக்குள் இருந்ததை அவள் பார்க்கவில்லை. இங்கிலீசு அவளுக்குத் தெரியாது. 'கொஞ்சம் குறைஞ்சிருக்காம், ஊருக்குப் போய்க் குளிசை போட்டா மிச்சம் தெரியுமாம்' என்று ஒரு வரி போதும். ஊரில் எத்தனை பேர் எத்தனை பெரிய பொய்யைக் கூசாமல் சொல்கிறார்கள். எனக்கு வரவில்லை. கையில் தந்த கடிதத்தில் ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுத்துக் கொடுத்துப் பழகிய புத்தி. இதை நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"இல்ல" என்றேன்.

"வேற ஒண்டும்?"

"வேற ஒண்டும் இல்ல புள்ள. உனக்குச் சொன்னதத்தான் எனக்கும் சொன்னார்."

அவள் தலையை இரண்டு தரம் ஆட்டினாள். எழும்பிக் கை கழுவுகிற பக்கம் போனாள். கதவைச் சாத்தினாலும் சத்தம் கேட்டது. சூப்பும் பாணும் மீனும் புடிங்கும் எல்லாம் போயிற்று. நரைத்த மீசைக்காரர் பதறி ஓடிவந்து, "மீன் புதுசு சார், நம்ம மேல தப்பு இல்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மீனில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்கு நான் சமாதானம் சொன்னேன். என் மனைவி உள்ளே குனிந்து நிற்கிறாள், நான் வெளியில் ஒரு கடைக்காரரின் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் போய் முதுகைத் தடவிவிட்டேன். தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டபோது வந்த நிறம் போய்விட்டிருந்தது. அழவில்லை. ஓட்டோவைக் கூப்பிடவா என்று கேட்டேன். கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டினாள். வெளியே வெயில் கொளுத்தியது. யாரோ ஒரு பெண் மஞ்சள் சுவரில் சாய்ந்து நின்று படமெடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபமில்லாமல், கிணற்றடியில் எதையோ வைத்துவிட்டு மறந்து வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழம ஊருக்குப் போய்ச் சேந்த பொறகு சொல்லியிருக்கலாமேங்க. அதுவரைக்கும் நான் சுகமா இருந்திருப்பன்."